ஒற்றைச் சக்கரத்தில் முன் எது, பின் எது

எங்கள் தெருவில் என் மனைவியை எல்லாரும் லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்மார் போட்டுக்கொள்ளும் பச்சை அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைப்பதற்கு இயந்திரம் இருக்கிறது. மடிப்பதற்கு இயந்திரம் கிடையாது, அதற்கு இவள் இருக்கிறாள். விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து ஓர் உதறு உதறினால் சுருக்கமெல்லாம் பயந்து ஓடிவிடும். வீட்டிலும் அதே கைதான். நான் கழற்றிப் போட்ட சட்டை, திரும்பிப் பார்ப்பதற்குள் சதுரமாக மடிந்து அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அது அழுக்குச் சட்டை என்று நான் சொல்வதற்கு அவகாசமே இருக்காது.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீடு கொஞ்சம் வெறிச்சென்று ஆகிவிட்டது. நான் ரொட்டி அடுப்பில் வேலை செய்கிறவன். விடிவதற்கு முன்னே போய்விட்டு மத்தியானம் வந்து படுத்துவிடுவேன். அவள் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே என்று ஆண்டவனிடம் சொல்லி வைத்தேன். அவளுக்கு ஏதாவது ஒரு பொழுதுபோக்கைக் கொடு என்று கேட்டேன். இன்னது என்று விவரமாகக் கேட்டிருக்க வேண்டும்.

மாடி வீட்டில் இருந்த உடற்பயிற்சி வாத்தியார் மாற்றலாகிப் போகும்போது, "எடுத்துட்டுப் போக இடம் இல்லைக்கா, நீங்களே வெச்சுக்குங்க" என்று ஒரு சாமானைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வேலை முடிந்து வந்து பார்த்தேன். ஒரு சக்கரம், அதன் மேல் ஒரு கம்பி, கம்பியின் மேல் ஒரு சீட்டு, இரண்டு பெடல்.

"மீதி எப்ப வரும்?" என்றேன்.

"மீதியா? இவ்வளவுதாங்க."

"கைப்பிடி?"

"கிடையாது."

"பிரேக்?"

"காலுதான் பிரேக்கு."

"விழுந்தா?"

"எழுந்திருக்கணும்."

சலவைக்கூடத்துக்குப் பின்னால் விரிப்புகளைக் காயப்போட இரண்டு கம்பிகள் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. இவள் மத்தியான இடைவேளையில் அந்த இரண்டு கம்பிகளையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, நடுவில் சக்கரத்தில் ஏறி உட்கார்ந்து பழகியிருக்கிறாள். விழுந்தால் ஈர விரிப்பில் விழுவாள். மேற்பார்வையாளர் அம்மா ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்தபோது, காயும் விரிப்புகளுக்கு மேலே ஒரு தலை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் வெகுகாலம் இருந்தவர். பிணவறை அந்தப் பக்கம்தான் என்பதும் அவருக்குத் தெரியும். அன்றைக்கு மீதி நேரம் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

கம்பியை விட்டுவிட்டு ஓட்ட வந்ததும் தெரு முழுக்கச் சிரித்தது. "மரை கழண்டுபோச்சு" என்றார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. தெரு முனை வரை போய் வந்தாள். பிறகு ஆற்றுப்பாலம் வரை. பிறகுதான் நீண்ட தூரத்துக்கு ஆசை வந்தது. எங்கள் குடும்பத்தின் நிம்மதி அங்கேதான் போயிற்று.

முதல் தடவை, வழியில் வேண்டியதை எல்லாம் ஒரு பெரிய பையில் அடைத்து முதுகில் மாட்டிக்கொண்டு போனாள். மேட்டில் ஏறும்போது பை பின்னால் இழுத்தது. அவள் முன்னால் சாய, பை பின்னால் சாய, இரண்டு பேருக்கும் நடந்த சண்டையில் பை ஜெயித்தது. இரண்டாவது தடவை முதுகில் ஒன்றும் இல்லை, கையில் தண்ணீர் பாட்டில். ஒற்றைச் சக்கரத்தில் போகிறவர்கள் விழுகிற நேரத்தில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், காலால் குதித்து இறங்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். பாட்டிலைக் காப்பாற்றினாள், மணிக்கட்டைக் காப்பாற்றவில்லை. மூன்றாவது தடவை முழங்கால் உறை, முழங்கை உறை, மணிக்கட்டுப் பட்டை, தலைக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, போருக்குப் போகிறவள் போலப் போனாள். ஷூவின் கயிறு பெடலில் சுற்றிக்கொண்டது. அவ்வளவு கவசமும் போட்டுக்கொண்டு ஒரு கயிற்றிடம் தோற்றாள்.

மூன்று தடவையும் போய்த் தூக்கி வந்தது என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற வேன் அவருடையது. மூன்றாவது தடவை சக்கரத்தையும் தங்கையையும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் என்ன உனக்கு ஆம்புலன்ஸா?"

"அண்ணா, அடுத்த தடவை பாருங்க. அக்கா வீட்டுக்கே போயிடுறேன், யாரையும் கூப்பிடாம."

அக்கா என்பது இவர்கள் இருவருக்கும் மூத்தவள். ஏரிக்கரை ஊரில் இருக்கிறாள். பஸ்ஸில் போனாலே ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம், அவ்வளவு தூரம்.

"போகலைன்னா?"

"போகலைன்னா இதை நீங்களே எடுத்துட்டுப் போய் பழைய இரும்புக் கடையில போட்டுடுங்க."

"சத்தியமா?"

"சத்தியமா. உங்களைக் கூப்பிடாம நான் போயிட்டேன்னா, அப்புறம் என் சக்கரத்தைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"யார் தீர்ப்பு சொல்றது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. சொன்னால் உடனே முகத்தில் தெரிந்துவிடும் என்பதுதான் உண்மை.

வழியில் யாரிடம் உதவி கேட்டாலும் சரி, குடும்பத்தாரிடம் மட்டும் கேட்கக் கூடாது, வேனைக் கூப்பிடக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். நான் தலையாட்டினேன். என் மனசுக்குள் என்ன இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சக்கரம் வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. அதே சமயம் அவள் ஆசையைக் கெடுக்கவும் மனசு வரவில்லை. ரொட்டியை அடுப்பில் தள்ளிவிட்டுத் தினமும் வேண்டிக்கொள்வேன்: ஆண்டவனே, அவளுக்கு ஒரு கீறல்கூடப் படக் கூடாது, அந்த வண்டி மட்டும் நடுவழியில் எப்படியாவது நின்றுபோகட்டும்.

நாள் குறித்தாயிற்று. அவள் இந்தத் தடவை ரொம்ப யோசித்துத் தயார் செய்தாள். முதுகோடு ஒட்டிக்கிடக்கும் சின்னத் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். கைகள் காலி. இடுப்பில் ஒரு சின்னப் பை: அதில் மாற்று டியூப், காற்றடிக்கக் கையளவு பம்பு, பெடல் முடுக்குகிற ஸ்பேனர், காயத்துக்குக் கட்டுத்துணி, போன், கொஞ்சம் பேரீச்சம்பழம். ஷூ கயிற்றை முடிந்து உள்ளே சொருகியாயிற்று. பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்றும் தானே தைத்துக்கொண்டாள். அது எதற்கு என்று கேட்டேன். "நீங்க ஒரு நாள் பூரா கட்டைச் சுவர்ல ஆடிக்கிட்டே உட்கார்ந்து பாருங்க, அப்ப தெரியும்" என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவள் வேலையில் இருந்தபோது மச்சான் வந்தார். இடுப்புப் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? மாப்பிள்ளை, ஒரு ராத்திரி வழியில தங்க நேர்ந்தா?"

"ராத்திரிக்கு முன்னே போயிடுவாளாமே."

"மழை வந்தா? குளிர் அடிச்சா? நாய் துரத்தினா? ஒரு வீட்டையே வேன்ல அடுக்குறவன் நான். ஒரு பைல என் தங்கச்சிக்கு வேண்டியதை அடுக்க மாட்டேனா?"

அடுக்கினார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குடைக்குள் டார்ச்சைச் செருகினார், சுருட்டிய கம்பளிக்குள் குடையைச் செருகினார், தைல பாட்டிலைச் சாக்ஸுக்குள் வைத்தார், நாய்க்கு ஒரு தடி, தடியைச் சுற்றி ஒரு கயிறு. கடைசியில் பை சின்னதாகவும் பார்க்க அழகாகவும் இருந்தது. தூக்கத்தான் முடியவில்லை.

பந்தயத்தில் அவர் ஜெயித்தால் வேனுக்கு நிம்மதி. ஆனாலும் தங்கச்சி பத்திரமாகப் போக வேண்டும் என்று அவருக்கு இருந்த தவிப்பு, அவள் தோற்க வேண்டும் என்ற ஆசையைவிடப் பெரியது. மனுஷன் அப்படித்தான்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பின்விளக்கை எடுத்தார். சிவப்பாக மினுக்கும் விளக்கு. "பின்னால வர்ற லாரிக்காரனுக்குத் தெரியணும் பாருங்க." சக்கரத்தைத் தலைகீழாக நிறுத்தி, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவளுடைய ஸ்பேனரையே எடுத்து, கம்பியில் விளக்கைப் பூட்டினார். இறுக்கின இறுக்கில் திருகாணியின் தலை மழுங்கிப்போயிற்று. நிமிர்த்தி வைத்துப் பார்த்தோம். விளக்கு சீட்டின் முன்பக்கம் பார்த்து மினுக்கிக்கொண்டிருந்தது.

"மச்சான், இது முன்னால இருக்கே."

"தலைகீழா வெச்சுப் பூட்டினோம் இல்ல, அதான் மாறிப்போச்சு." கழற்றப் பார்த்தார். வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "இதுக்கு ஏன் விளக்கைக் கழட்டணும்? சீட்டைத் திருப்பிட்டா போச்சு!"

சீட்டின் பிடியைத் தளர்த்தி, அரை வட்டம் திருப்பி, மறுபடி இறுக்கினார். இப்போது விளக்கு பின்னால் வந்துவிட்டது.

"இப்படித் திருப்பலாமா?" என்றேன்.

"ஏன் மாப்பிள்ளை, ரெண்டு சக்கரம் இருந்தா முன் சக்கரம் பின் சக்கரம்னு இருக்கும். ஒத்தைச் சக்கரத்துல முன் எது, பின் எது? உருண்டையா இருக்கிறது எந்தப் பக்கம் உருண்டா என்ன?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் உருண்டை ரொட்டியும் சுடுகிறவன், அதற்கு முன்பக்கம் பின்பக்கம் நான் பார்த்ததில்லை.

காலையில் வாசலில் ஒரே சத்தம். மச்சான் அடுக்கிய பையை அவள் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அவர் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொள்கிறார். கடைசியில், "சரிண்ணா, குடுங்க" என்று வாங்கி மாட்டிக்கொண்டாள். அந்தச் சண்டையில் அவள் சக்கரத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. விளக்கை மட்டும் பார்த்தாள்.

"யாரு வெச்சது? நல்லா இருக்கே."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

எங்கள் வீட்டுச் சுவரைப் பிடித்து ஏறி, கையை விட்டு, ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்து, தெரு முனையில் திரும்பி மறைந்தாள். நான் கைகூப்பினேன். கூப்பிய கையை இறக்குவதற்குள் மச்சான் வேனின் கதவைத் திறந்துவிட்டார்.

"எங்கே?"

"அக்கா வீட்டுக்கு."

"நாம போகக் கூடாதுன்னு..."

"அவ கூப்பிடக் கூடாதுன்னுதான் பேச்சு. நம்ம அக்கா வீட்டுக்கு நாம போகக் கூடாதுன்னு எந்தப் பேச்சும் இல்ல. ரோடு ஒண்ணுதானே, அதுக்கு நாம என்ன செய்ய? ஏறுங்க."

ஏறினேன். அவள் போகிற வேகத்துக்கு வேன் போனால் இன்ஜின் கொதிக்கிறது. அதனால் மரத்துக்கு மரம் நிறுத்தி நிறுத்திப் போனோம். ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்கினோம். மூன்றாவது கடையில், "ஒத்தைச் சக்கரத்துல ஒரு அம்மா போனாங்களா?" என்று மச்சான் கேட்டதற்கு, டீ ஆற்றுகிறவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, "போனாங்க. நீங்க சிங்கத்தை ஏத்திக்கிட்டு வர்றீங்களா?" என்று வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

ஊரைத் தாண்டி வயல்வெளி வந்ததும், ஒரு மைல்கல்லின் மேல் கம்பளி ஒன்று இருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார் மச்சான். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். நாலு ஓரமும் ஒன்றோடொன்று பொருந்தி, நூல் பிடித்த மாதிரி மடித்திருந்தது.

"மச்சான், இது இவ மடிப்பு."

அடுத்த மைல்கல்லில் குடை. அதற்கடுத்ததில் சாக்ஸ், ஜோடியாக மடித்து, தைல பாட்டில் மட்டும் இல்லை. பிறகு தடி, கயிறு, டார்ச். கடைசியில் காலிப் பை, அதுவும் நாலாக மடித்து. மச்சான் ஒவ்வொன்றையும் வேனில் ஏற்றும்போது முகம் கறுத்துக்கொண்டே வந்தது. பிறகு திடீரென்று தெளிந்தது.

"மாப்பிள்ளை! அவ சாமானை நாம தூக்கிட்டு வர்றோம். இது உதவிதானே? அவ தோத்துட்டா!"

"அவ நம்மகிட்ட குடுக்கலையே. கல்லுகிட்ட குடுத்திருக்கா."

"நீங்க அவ பக்கமா, நடுவா?"

"நடுவுலதான் இருக்கேன்" என்றேன். வேனிலும் நான் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் குடையும் தடியும் இருந்தன.

இன்னும் கொஞ்ச தூரம் போயிருப்போம். ரோட்டில் ஏதோ பளபளத்தது. மச்சான் பிரேக் போட்டார். இறங்கி எடுத்தேன். அது ஒரு பெடல்.

ஆண்டவனே என்று சொல்லவும் பயமாக இருந்தது. வண்டி நின்றுபோகட்டும் என்று நான்தானே கேட்டேன். நான் கேட்டதில் முதல் பாதியையும் அவன் கேட்டுக்கொண்டானா?

கேட்டுக்கொண்டிருந்தான். வளைவைத் தாண்டியதும், வாய்க்காலின் சின்னப் பாலச் சுவரில் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. பெடல் கழன்றதும் குதித்துவிட்டாளாம். வேனைப் பார்த்ததும் கொட்டையைத் துப்பினாள்.

"யாரு கூப்பிட்டா உங்களை?"

"யாரும் கூப்பிடல" என்றார் மச்சான். "அக்கா வீட்டுக்குப் போறோம்."

"போங்களேன்."

"வழியில இது கிடந்தது" என்று பெடலை நீட்டினேன்.

அவள் அதை வாங்கி நெருங்கிப் பார்த்தாள். பிறகு சக்கரத்தைப் பார்த்தாள். பெடலின் நுனியில் ஒரு சின்ன எழுத்துப் பொறித்திருக்கும், இடது பெடல், வலது பெடல் என்று தெரிய. வலது காலுக்கு உரியது இடது பக்கத்தில் இருந்திருக்கிறது. பிறகு மினுக்கிக்கொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு சீட்டைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். மச்சான் வானத்தைப் பார்த்தார்.

"சீட்டை யாரு திருப்பினது?"

"மேகம் போடுது போல இருக்கே மாப்பிள்ளை."

"அண்ணா!"

"விளக்கு முன்னால இருந்ததும்மா. அதனால கொஞ்சம்..."

"இடது பெடலுக்கு இடது மரை, வலது பெடலுக்கு வலது மரை. மிதிக்க மிதிக்க இறுகிக்கிட்டே போகும். பக்கம் மாத்தி வெச்சா மிதிக்க மிதிக்கக் கழண்டுக்கிட்டே போகும். இவ்வளவு தூரம் என் காலாலேயே நான் கழட்டிக்கிட்டு வந்திருக்கேன்!"

"ஒத்தைச் சக்கரத்துக்குப் பின்பக்கம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மச்சான் பரிதாபமாக.

அவள் இடுப்புப் பையைத் துழாவினாள். ஸ்பேனர் இருக்க வேண்டிய இடத்தில் தைல பாட்டில் இருந்தது. மைல்கல்லில் சாக்ஸை வைத்தவள் தைலத்தை மட்டும் அண்ணன் மனசு நோகக் கூடாது என்று எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்பேனர் இல்லாததை அப்போது கவனிக்கவில்லை. மச்சான் மெதுவாகத் தன் சட்டைப்பையில் கைவிட்டார். வேலை செய்த சாமானைப் பையில் போட்டுக்கொள்கிற பழக்கம் அவருக்கு. ஸ்பேனர் வெளியே வந்தது.

அவள் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"என்னங்க, நீங்க சொல்லுங்க. இதை வாங்கினா உதவியா, இல்லையா?"

"உதவிதான்" என்றார் மச்சான் முந்திக்கொண்டு. "வேன் வந்ததாலதானே ஸ்பேனர் வந்தது."

"உங்க கை வந்ததாலதானே பெடல் போச்சு!"

"அது வேற கணக்கு."

"நீங்க சொல்லுங்க" என்றாள் மறுபடியும் என்னிடம்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். இவ்வளவு பெரிய கேள்வி எங்கள் பள்ளிக்கூடத்தில் வரவில்லை. ஸ்பேனர் அவளுடையது. கொண்டு வந்தது வேன். வேன் வரவில்லை என்றால் ஸ்பேனர் வந்திருக்காது. மச்சான் வரவில்லை என்றால் பெடலே போயிருக்காது. இத்தனைக்கும் நடுவில் என் வேண்டுதல் வேறு முள் மாதிரி குத்திக்கொண்டிருந்தது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தெரிந்ததோ, பெடலை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"எங்கம்மா போறே? வெயிலு!" என்றார் மச்சான்.

"சந்திப்புல சைக்கிள் கடை இருக்கும். கடைக்காரர் நம்ம குடும்பம் இல்ல."

நாங்கள் வேனைப் பின்னால் ஊர்ந்து ஓட்டிக்கொண்டு போனோம். ஆறுதலாக ஏதாவது சொல்ல மச்சான் தலையை வெளியே நீட்டுவார். அவள் திரும்பிப் பார்த்ததும் உள்ளே இழுத்துக்கொள்வார். ஆமை மாதிரி.

சைக்கிள் கடைக்காரர் பெரியவர். அவர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திருடன் மீதியைக் கொண்டுபோயிட்டானாம்மா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். மரை பாதி தேய்ந்திருக்கிறது, பாதி பிடிக்கும் என்றார். சீட்டைச் சரியாகத் திருப்பி, பெடலை முடுக்கினார். விளக்கு மறுபடி முன்னால் வந்துவிட்டது. திருகாணி அவருக்கும் அசையவில்லை. "யாரு இதை இப்படி இறுக்கினது, யானையா?" என்றார். மச்சான் கொஞ்சம் தள்ளிப் போய்க் காற்றுப் போன டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து அவள் முன்னால் சிவப்பு மினுக்கிக்கொண்டு போனாள். எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்னம்மா, ரிவர்ஸ்லயா வர்றீங்க?" என்று கத்தினார். "முன்னால போறேன் அண்ணே, விளக்குதான் பின்னால போகுது!" என்று இவளும் கத்தினாள். லாரிக்காரர் யோசிக்கிறதற்காக ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்த்தபோது இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

ஏரிக்கரை ஊருக்கு முன்னால் ஒரு பெரிய இறக்கம் இருக்கிறது. அதை நினைத்துத்தான் எனக்கு முதலிலிருந்தே பயம். இந்தச் சக்கரத்தில் மிதிப்பதை நிறுத்தி உருள விட முடியாது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு வேகமாகக் காலும் சுற்றியாக வேண்டும். கால் தோற்றால் ஆள் பறக்க வேண்டியதுதான். பாதி தேய்ந்த மரை வேறு. இத்தனை தூரம் பிடிவாதமாக வந்தவள், ஜெயிக்கிற அவசரத்தில், அண்ணன் பார்க்கிறான் என்கிற ரோஷத்தில், அப்படியே ஓட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள் என்று எனக்கு நிச்சயம். நாங்கள் முன்னால் போய் இறக்கத்தின் அடியில் வேனை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். மச்சான் வேனிலிருந்து கம்பளியை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மச்சான் இது?"

"வந்து விழுந்தா பிடிக்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை வேறெதுவும் கேட்கவில்லை, அவளை மட்டும் கேட்டேன்.

மச்சான் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். "அட, இறங்கிட்டா!"

மேட்டின் உச்சியில் அவள் சக்கரத்தை விட்டு இறங்கிவிட்டாள். குழாயில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பெடல் இரண்டையும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு சக்கரத்தைக் கையால் தள்ளிக்கொண்டு, ரோட்டின் ஓரமாக, கடைக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி மெதுவாக நடந்து வந்தாள். ஒரு பஸ் கடந்து போயிற்று. ஜன்னலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள். இவளும் கையை ஆட்டிச் சிரித்தாள். வெட்கமே இல்லை.

"என்னம்மா, நடந்து வர்றே?" என்றார் மச்சான், கம்பளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"பின்னே, இந்த இறக்கத்துல யாராவது ஓட்டுவாங்களா? எனக்குப் பைத்தியமா?"

அடியில் வந்து சமதரை வந்ததும் வேனைத் தொடாமல், பக்கத்திலிருந்த மரத்தைப் பிடித்து ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இவள் விழுந்து எழுந்த மூன்று தடவையையும்தான் நான் மனசில் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்தவளைப் பற்றி நான் இவ்வளவு நாள் ஆண்டவனைத் தொந்தரவு செய்திருக்கிறேன். அவனுக்கு வேறு வேலை எவ்வளவோ இருக்கும்.

மூத்தவள் வீட்டு வாசலில் நாங்கள் வேனை நிறுத்தும்போது அவள் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தாள். மூத்தவள் எங்களை வாசலிலேயே மறித்தாள்.

"ஏன்டா, சின்னவ ஒத்தைச் சக்கரத்துல உங்களுக்கு முன்னே வந்துட்டா. நீங்க நாலு சக்கரத்தை வெச்சுக்கிட்டு என்னடா பண்ணீங்க?"

"அக்கா, அதெல்லாம் அப்புறம். முதல்ல தீர்ப்பு" என்றார் மச்சான். கூடத்துக்குள் போனதும் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டார். "மாப்பிள்ளை, நியாயமா சொல்லுங்க. சாமானை நாம தூக்கினோம். பெடலை நாம எடுத்துக் குடுத்தோம். பாதி ரோட்டை நடந்தே வந்திருக்கா."

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "சாமான் நீங்க திணிச்சது. அவ இறக்கி வெச்சா, நீங்க திரும்ப எடுத்துக்கிட்டீங்க. பெடல் நீங்க கழட்டினது. ரோட்டுல கிடந்ததை எடுத்து அவகிட்டயே குடுத்தோம், அதுக்குப் பேரு உதவி இல்ல, பரிகாரம். ஸ்பேனரை அவ தொடவே இல்ல. வேனை யாரும் கூப்பிடல, அது தானா வந்தது. நடக்கக் கூடாதுன்னு பேச்சும் இல்ல. என்னைக் கேட்டா, நடந்து வந்த அந்த இறக்கத்துலதான் அவ ஜெயிச்சா. சக்கரம் வீட்டுலதான் இருக்கும். இனிமே அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நானும்தான்."

இவ்வளவு நீளமாக நான் பேசி யாரும் கேட்டதில்லை. யாருக்காகப் பேசினேனோ அவளும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஜன்னலோரத்து சோபாவில், முழங்கால் உறை முழங்கை உறையோடு, தலைக்கவசம் ஒரு பக்கம் சரிந்திருக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள்.

"மேல்முறையீடு உண்டா மாப்பிள்ளை?" என்றார் மச்சான், சத்தத்தை அடக்கிக்கொண்டு.

"உஸ்ஸ்" என்றாள் மூத்தவள். "அவளை எழுப்பிடாதீங்க. பேசணும்னா ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசுங்க."

நான் குனிந்து அவள் ஷூவைக் கழற்றினேன்.